சோச்சா பள்ளத்தாக்கு ஒரு நாள் போர் டூர்: நான்கு நட்சத்திரம், ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு

ஸ்லோவேனியத் தலைநகர் லியூப்லியானாவில் காலையில் ஏற்றிக்கொண்டு, கோபாரிட், கொலோவ்ராட் மலைமுகடு, நோவா கோரிட்சா மூன்றையும் காட்டிவிட்டு ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும் வேன் டூர் இது. முதல் உலகப் போரில் இத்தாலியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் மோதிய களத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். எட்டுப் பேர் உட்காரும் வண்டி, ஓட்டுவதும் விளக்குவதும் ஒரே பெண். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. கீழே கொஞ்சம் குறை சொல்லியிருக்கிறேன். சின்ன கம்பெனி, பிழைத்துப் போகட்டும். லியூப்லியானாவில் இதே சுற்றை நடத்துகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். யாரிடம் புக் பண்ணினாலும் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆயுள் காப்பீட்டில் கிளெய்ம் செக்‌ஷனில் இருந்து ரிட்டையர் ஆனவன். மகன் அந்த ஊரில் வேலை பார்க்கிறான். ஒப்பந்தம் என்று எதைக் கொடுத்தாலும், எந்தச் சூழ்நிலையில் பணம் தர வேண்டியதில்லை என்று எழுதியிருக்கும் ஷரத்தைத்தான் முதலில் தேடுவேன். அந்தப் புத்தி உள்ளவனுக்கு இந்த டூர் அல்வா. ஏனென்றால் வேன் ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே வழிகாட்டி ஆளுக்கு இரண்டு லேமினேட் செய்த தாள்களைக் கையில் கொடுத்துவிட்டார். ஒன்று, ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி மூன்றும் 1882-இல் செய்துகொண்ட முத்தரப்புக் கூட்டணியின் முக்கியமான ஷரத்துகள். மற்றது, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யாவோடு இத்தாலி 1915 ஏப்ரல் 26 அன்று லண்டனில் ரகசியமாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். முதல் தாளில் இத்தாலி யாரோடு நிற்கிறதோ, இரண்டாவது தாளில் அவர்களையே அடிக்கக் கையெழுத்துப் போடுகிறது. "மலைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் படித்துவிடுங்கள்" என்றார்.

போர்க்கள டூர் என்றால் நேரே பதுங்குகுழியில் இறக்கி, துருப்பிடித்த குண்டைக் காட்டி, பாவம் பையன்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பையன்களை அங்கே அனுப்பிய காகிதத்தை முதலில் காட்டுவது அபூர்வம். நான் கொடுக்கும் நான்கு நட்சத்திரத்தில் இரண்டு இதற்கே.

தாளில் இருந்ததைச் சொல்கிறேன். 1881-இல் துனிசியாவைப் பிரான்ஸ் அமுக்கிக்கொண்டது. அதன்மேல் கண் வைத்திருந்த இத்தாலி கோபத்தில் மறு வருஷமே ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் போய்ச் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், இத்தாலிக்குப் பெரிய எல்லைத் தகராறே ஆஸ்திரியாவோடுதான். இத்தாலிய மொழி பேசுகிறவர்கள் நிறைந்த ட்ரென்டோ, ட்ரியஸ்தே ஊர்கள் வியன்னா பேரரசின் கையில் இருந்தன. தகராறு பண்ணவேண்டிய ஆளோடு கூட்டு. கூட்டணியை நான்கு தடவை புதுப்பித்தார்கள், கடைசியாக 1912-இல். நடுவில் 1902-இல், புதுப்பித்த அதே வருஷம், பிரான்ஸோடும் ஒரு ரகசியப் பேச்சு முடித்து வைத்துக்கொண்டது ரோம்: உன்னை யாராவது தாக்கினால் நான் சும்மா இருப்பேன் என்று.

ஷரத்துக்கு வருவோம். மூன்றாவது ஷரத்து: உறுப்பு நாட்டில் ஒன்றோ இரண்டோ, தன் பக்கத்தில் நேரடியாக வம்பு இழுக்காமல், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வல்லரசுகளால் தாக்கப்பட்டால் மற்றவர்களும் போரில் இறங்க வேண்டும். வம்பு இழுக்காமல், தாக்கப்பட்டால். இந்த இரண்டு நிபந்தனையையும் பென்சிலால் கோடு போட்டேன், பழக்க தோஷம். பிற்பாடு புதுப்பித்தபோது சேர்ந்த ஏழாவது ஷரத்து இன்னும் கெட்டி: பால்கன் பகுதியில் ஆஸ்திரியாவோ இத்தாலியோ எந்த இடத்தையாவது பிடிக்கவேண்டி வந்தால், முன்கூட்டியே மற்றவரோடு பேசி, அவருக்கு ஈடு கொடுக்க வேண்டும்.

1914 ஜூலை 28-இல் ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்தது. இத்தாலியைக் கேட்கவில்லை, ஈடு பற்றியும் பேசவில்லை. தாக்கியதும் அவர்கள்தான். ஆகஸ்ட் தொடக்கத்தில் இத்தாலி நடுநிலை அறிவித்தது. கிளெய்ம் ஆபீசராகச் சொல்கிறேன், இதில் இத்தாலிமேல் ஒரு குற்றமும் இல்லை. பாலிசி இந்த நிகழ்வுக்குப் பொருந்தாது, ஃபைலை மூடு. வேனில் இருந்த ஜெர்மன்காரர் ஒருவர் "துரோகம்" என்று முணுமுணுத்தார். நான் மூன்றாவது ஷரத்தைத் தூக்கிக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "சரி, ஆகஸ்டுக்கு விட்டுக்கொடுக்கிறேன், அடுத்த வருஷ மே மாதத்துக்கு விடமாட்டேன்" என்றார். நியாயமான மனிதர்.

இதில் ஒரு கூத்து. இத்தாலியின் படைத் தளபதி கதோர்னா கூட்டணிக் கடமையை நம்பி, ரைன் பக்கம் ஜெர்மனிக்கு உதவியாகப் படை அனுப்பத் திட்டம் போட்டு அரசருக்கு அனுப்பியிருந்தார். அரசர் அதற்குச் சம்மதம் தெரிவித்தது ஆகஸ்ட் 2. மந்திரிசபை நடுநிலை என்று முடிவெடுத்ததும் அதே நாள். தளபதிக்கு யாரும் சொல்லவில்லை. எந்த ஆபீசிலும் நடப்பதுதான் என்றாலும், பல லட்சம் பேர் கொண்ட படைக்கு நடந்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

மே மாதக் கதையை வழிகாட்டி விலாவாரியாகச் சொன்னார், வண்டி ஓட்டிக்கொண்டே. பிரதமர் சலாந்திரா 1914 அக்டோபரில் தேசத்தின் "புனித சுயநலம்" என்று ஒரு பேச்சில் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வெளியுறவு மந்திரியாக வந்த சொன்னினோ அந்த வார்த்தையைக் கணக்காக மாற்றினார். 1915 மார்ச் 4 அன்று லண்டனில் இத்தாலியத் தூதர் தங்கள் விலைப்பட்டியலைக் கொடுத்தார். ஏப்ரல் 8 அன்று வியன்னாவிடமும் ஒரு கோரிக்கைப் பட்டியல் போனது. அதாவது ஒரே சமயத்தில் இரண்டு கவுண்டரிலும் டோக்கன். ஆஸ்திரியா, ட்ரென்டோவைச் சுற்றியுள்ள ட்ரென்டினோ பகுதியைத் தரலாம் என்று இறங்கி வந்தது. ஆனால் போர் முடிந்த பிறகு என்றது, ட்ரியஸ்தேயைத் தொடவே விடவில்லை. பிரிட்டனும் பிரான்ஸும் கொடுக்க ஒப்புக்கொண்டதோ தங்களுடையது அல்லாத நிலம். அடுத்தவன் சொத்தை எழுதிக்கொடுப்பதில் தாராளத்துக்கு என்ன குறைச்சல்? அதோடு இத்தாலியின் கடற்கரை நீளம். நிலக்கரியில் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து கப்பலில் வர வேண்டியது. பிரிட்டிஷ் கடற்படையை எதிர்த்துப் பிழைக்க முடியாது என்பது சின்னப் பையனுக்கும் தெரியும்.

லண்டன் தாளில் நாலாவது ஷரத்து, போருக்குப் பிறகு இத்தாலிக்குப் போகவேண்டிய இடங்கள்: ட்ரென்டினோ, ப்ரென்னர் கணவாய் வரை தெற்கு டிரோல், ட்ரியஸ்தே, கோரிட்சியா-கிராதிஸ்கா, இஸ்த்ரியா. அடுத்ததில், ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்கே உள்ள டால்மேஷியக் கரையின் ஒரு பகுதி. பதினான்கில், லண்டனில் ஐந்து கோடி பவுண்டுக்குக் குறையாத கடன். பதினைந்தில், சமாதானப் பேச்சில் போப்பாண்டவரை உள்ளே விடக்கூடாது. பதினாறில், எல்லாம் ரகசியம். ஒரு மாதத்துக்குள் போரில் இறங்க வேண்டும் என்பது கெடு.

கையெழுத்து ஏப்ரல் 26. பழைய கூட்டணியை முறிப்பதாக வியன்னாவுக்குச் சொன்னது மே மாதத் தொடக்கத்தில். இடையில் ஒரு வாரம், சட்டப்படி இத்தாலி இரண்டு அணியிலும் உறுப்பினர். எங்கள் ஆபீசில் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தோம், அச்சில் போட முடியாது.

நாட்டு மக்கள் போர் கேட்டார்களா என்றால், பெரும்பான்மை கேட்கவில்லை. முன்னாள் பிரதமர் ஜோலித்தி, போரில்லாமலே ஆஸ்திரியாவிடம் கணிசமாக வாங்கிவிடலாம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தார். மே மாதம் அவர் ரோமுக்கு வந்தபோது ஏறக்குறைய முந்நூறு எம்.பி.க்கள் அவர் தங்கிய இடத்தில் தங்கள் விசிட்டிங் கார்டை வைத்துவிட்டுப் போனார்கள், உங்கள் பக்கம் இருக்கிறோம் என்று. 13-ஆம் தேதி சலாந்திரா ராஜினாமா செய்தார். தெருவில் கவிஞர் தன்னுன்சியோ போர் வேண்டும் என்று கூட்டத்தை உசுப்பிவிட்டுக் கொண்டிருந்தார். அரசர் ராஜினாமாவை ஏற்கவில்லை. 20-ஆம் தேதி நாடாளுமன்ற ஓட்டெடுப்பில் அரசுக்கு ஆதரவு 407, எதிர்ப்பு 74. அந்த முந்நூறு கார்டுகள் எங்கே போயின? வேனில் எல்லோரும் சிரித்தோம். 23-ஆம் தேதி போர் அறிவிப்பு, மறுநாள் படை எல்லையைத் தாண்டியது.

கோபாரிட் வந்து சேர்ந்தோம். சிறிய ஊர், மலையடிவாரம், பச்சைக் கண்ணாடி நிறத்தில் சோச்சா ஆறு. இத்தாலியர்கள் ஈசோன்சோ என்பது இதைத்தான், கபோரெட்டோ என்பது இந்த ஊரைத்தான். இங்கே உள்ள அருங்காட்சியகம் 1990-இல் திறந்தது, 1993-இல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியக விருது வாங்கியது. எந்த நாட்டின் வெற்றியையும் கொண்டாடாத இடம். பனியில் மலைமேல் சண்டை போட்டதைக் காட்டும் வெள்ளை அறை, போரின் கோரத்தைக் காட்டும் கறுப்பு அறை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். முகம் சிதைந்த சிப்பாய்களின் புகைப்படங்கள் கறுப்பு அறையில் உண்டு. என் மனைவி வாசலோடு திரும்பிவிட்டாள், குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது மலைத்தொடரை மேடுபள்ளத்தோடு சிறிதாகச் செய்து வைத்த மாதிரி உருவம். 2,244 மீட்டர் க்ர்ன் சிகரம் எங்கே, ஆறு எங்கே, யார் எந்த முகட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்று விரலால் தொடர முடிகிறது. அதைப் பார்த்தபின்தான் இரண்டு வருஷத்துக்கு மேல் பதினொரு தடவை மோதியும் போர்முனைக் கோடு ஏன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்ந்தது என்பது உறைத்தது. உச்சியில் ஆஸ்திரியர்கள். கீழிருந்து ஏற வேண்டியவர்கள் இத்தாலியர்கள்.

இங்கேதான் வழிகாட்டி தன் சொந்த விஷயத்தைப் பேசினார். அவருடைய கொள்ளுத் தாத்தா ஆஸ்திரியப் படையில் இந்த முனையில் நின்றவர். ஸ்லோவேனியர். பேரரசுமேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. ஆனால் லண்டனில் எழுதிக்கொடுத்த பட்டியலில் இருந்தது அவர் வீடு, அவர் ஊர். காகிதம் ரகசியமாக இருந்தாலும் இத்தாலி எதற்காக வருகிறது என்பது இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் தெரியாமல் இல்லை. மற்ற முனைகளில் அரைமனதாக நின்ற ஸ்லோவேனியரும் க்ரோயேஷியரும் இங்கே வெறியோடு நின்றதற்கு அதுதான் காரணம் என்றார். அணி மாறுவதற்கான கூலியை யாருடைய நிலத்தில் கொடுக்கிறார்களோ, அந்த நிலத்துக்காரன் எதிர்ப்பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்பான் என்பது லண்டனில் கையெழுத்துப் போட்ட நால்வருக்கும் தோன்றவில்லை போலும். 1917 இறுதியில் ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் அந்தக் காகிதத்தைப் பத்திரிகையில் வெளியிட்ட பிறகு சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

கூலி ஓரளவு கைக்கு வந்தது. 1920 ரபல்லோ ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் முழுக்க இத்தாலிக்குப் போய், மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஸ்லோவேனியர்கள் இத்தாலியின் கீழ் வந்தார்கள். முசோலினி காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து அவர்கள் மொழி போயிற்று, குடும்பப் பெயர்களையும் இத்தாலியப் பெயராக மாற்றினார்கள். வழிகாட்டியின் பாட்டிக்குப் பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர்.

ஊருக்கு மேலே குன்றில் புனித அந்தோணியார் கோயில், அதைச் சுற்றி மூன்று அடுக்கில் எண்கோண வடிவக் கல்லறை மண்டபம். 1938-இல் முசோலினி வந்து திறந்தது. 7,014 இத்தாலியச் சிப்பாய்களின் எலும்புகள் உள்ளே. பெயர் தெரிந்தவர்களின் பெயர்கள் பச்சை கலந்த கற்பலகையில் வரிசையாக. கிட்டே போய்ப் பார்த்தால் ஒரே குடும்பப் பெயர் நாலைந்து முறை வருகிறது. சில எழுத்துகளின் உள்பள்ளத்தில் பாசி பிடித்திருக்கிறது. இந்த இடத்துக்கு டூரில் கொடுத்த நேரம் படு குறைவு. படியேறி, மூச்சு வாங்கி, நாலு பெயர் படிப்பதற்குள் கீழே ஹாரன்.

மதியச் சாப்பாடு கட்டணத்தில் சேராது. வழிகாட்டி கைகாட்டிய இடத்தில் ஊர்ப் பெயரிலேயே ஒரு இனிப்பு உண்டு: வால்நட்டும் திராட்சையும் பூரணமாக வைத்து வேகவைத்து, மேலே வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூள் தூவியது. இரண்டு தட்டு சாப்பிடலாம். சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் புக்கிங்கில் எழுதியும் சூப்பில் எலும்பு கிடந்தது.

பிற்பகலில் கொலோவ்ராட். ஸ்லோவேனிய-இத்தாலிய எல்லை முகட்டில், 1,100 மீட்டருக்கு மேல், இத்தாலியப் படை வெட்டிய பதுங்குகுழிகளைச் சீர்செய்து திறந்தவெளி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. குழிக்குள் இறங்கி நடந்தால் தோள் இரண்டு பக்கமும் கல்லில் உரசுகிறது. அங்கே நின்றபடி வழிகாட்டி 1917 அக்டோபர் 24-ஐச் சொன்னார். விடிவதற்கு முன் விஷவாயு, அப்புறம் பீரங்கி. ஜெர்மானியப் படையும் சேர்ந்து வந்தது. மறுநாள் இந்த முகட்டை உடைத்துக்கொண்டு போனவர்களில், பிற்பாடு ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பெயர் வாங்கிய ரோமெல் ஒருவர், அப்போது இளம் அதிகாரி. இத்தாலியர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் பிடிபட்டார்கள், மிச்சப் படை பியாவே ஆறு வரை பின்வாங்கியது. கதோர்னாவின் வேலை போனது.

இங்கே ஜெர்மானியப் படை வந்தது என்றேனே, கம்பெனி தாளின் பின்பக்கம் அச்சிட்ட கால அட்டவணையில் பெரிய பிழை இருப்பது அதில்தான். "1915 மே: ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டின்மேலும் இத்தாலி போர் அறிவிப்பு" என்று போட்டிருக்கிறார்கள். தப்பு. மே மாதம் ஆஸ்திரியாமேல் மட்டும்தான். ஜெர்மனிமேல் அறிவித்தது 1916 ஆகஸ்ட் கடைசியில். லண்டன் ஒப்பந்தத்தின் இரண்டாவது ஷரத்தோ, கூட்டாளிகளின் எல்லா எதிரிகளோடும் போர் புரிய வேண்டும் என்கிறது. அதாவது பழைய கூட்டாளியைப் பாதி விட்டு, புதிய கூட்டாளிக்குக் கொடுத்த வாக்கையும் பாதிதான் காப்பாற்றி, ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறது ரோம். இந்தக் கதையிலேயே ருசியான இடம் அது, அதைப் பிழையாக அச்சடித்துத் தொலைத்திருக்கிறார்கள். வழிகாட்டிக்குத் தெரிந்திருக்கிறது. "ஆபீசில் சொல்லிவிட்டேன், பழைய தாள் தீரட்டும் என்கிறார்கள்" என்றார். ஒரு நட்சத்திரம் போனது இதற்கும் கல்லறை மண்டபத்து அவசரத்துக்கும்.

கடைசி நிறுத்தம் நோவா கோரிட்சா ரயில் நிலையச் சதுக்கம். லண்டன் பட்டியலில் இருந்த கோரிட்சியா நகரம் கடைசியில் 1947-இல் இத்தாலியிடமே நின்றுவிட, எல்லைக்கு இந்தப் பக்கம் யூகோஸ்லாவியா புதிதாக ஒரு ஊரைக் கட்டியது. சதுக்கத்தின் நடுவே எல்லைக்கோடு போகிறது. வேலியை 2004-இல் எடுத்துவிட்டார்கள். 2025-க்கு இரண்டு ஊரும் சேர்ந்து ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராக இருந்தன. போட்டோ எடுக்க நல்ல இடம், அவ்வளவுதான். இங்கே செலவழித்த நேரத்தைக் கல்லறை மண்டபத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

பட்டியலில் இல்லாத ஊர் ஒன்றைப் பற்றியும் வழிகாட்டி போகிற போக்கில் சொன்னார்: ஃபியூமே, இன்றைய க்ரோயேஷியாவின் ரியேகா துறைமுகம். லண்டன் தாளில் அது இத்தாலிக்குத் தரப்படவில்லை. போர் முடிந்ததும் அதையும் கேட்டார்கள். டால்மேஷியாவைத் தர அமெரிக்க அதிபர் வில்சனும் மறுத்தார். ஆறு லட்சம் பேரைப் பலி கொடுத்த நாடு, ஜெயித்தும் ஏமாந்தோம் என்று புலம்ப ஆரம்பித்தது. 1919 செப்டம்பரில் தன்னுன்சியோ ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் ஃபியூமேயைப் பிடித்தார். அந்தப் புலம்பலில் வளர்ந்தவர்தான் முசோலினி. ஷெட்யூலில் இல்லாததற்குக் கிளெய்ம் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், படையோடு வந்தவர்களைப் பார்த்ததில்லை.

நடைமுறை விஷயங்கள்: கொலோவ்ராட்டில் பனி இருந்தால் பாதை மூடலாம், அதனால் மே முதல் அக்டோபருக்குள் போங்கள். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். மலைப்பாதை வளைவுகள் அதிகம், தலை சுற்றுகிறவர்கள் முன் சீட் கேட்டு வாங்குங்கள். புக் பண்ணும்போது வழிகாட்டி உள்ளூர்க்காரரா, ஒப்பந்தத் தாள்கள் தருவார்களா என்று கேளுங்கள். தரமாட்டோம் என்றால் வேறு கம்பெனி பாருங்கள். துப்பாக்கி, டாங்கி ஆசையில் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தோல்மினுக்கு மேலே யாவோர்ட்சாவில் ஆஸ்திரிய-ஹங்கேரியச் சிப்பாய்கள் 1916-இல் கட்டிய மரக் கோயிலையும் பாருங்கள். வெடிகுண்டுப் பெட்டிப் பலகைகளில் இறந்தவர்களின் பெயர்களைச் சுட்டுப் பொறித்திருக்கிறார்கள். இந்த டூரில் அது கிடையாது, மகனிடம் கார் கேட்டு வைத்திருக்கிறேன்.